இரண்டு மணிக்குக் கயிறு பார்த்தேன்

மதியம் இரண்டு மணி. என் வீட்டு வாசலில் ஸ்டூல் போட்டு அதன்மேல் நிற்கிறேன். கையில் ஒரு பிடி வேஸ்ட் பஞ்சு, மெக்கானிக் கடையில் கை துடைப்பார்களே, அது. கீழே இரண்டு பேர் அண்ணாந்து பார்க்கிறார்கள். ஒருவர் இன்டர்நெட் லைன்மேன் மஞ்சுநாத். இன்னொருத்தி எதிர்வீட்டுக் கிளாரா. ஸ்டூலைப் பிடித்துக்கொள்ளச் சொன்னால் தன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

என் தலைக்கு மேலே, தெருக் கம்பத்திலிருந்து என் வீட்டுச் சுவருக்கு, ஒரு கறுப்புக் கேபிள் வருகிறது. எங்கள் வீட்டு வரிசைக்கே இன்டர்நெட் வருகிற வழி அதுதான்.

"பாத்துக்கோ தம்பி," என்றேன். "உங்க ஆபீஸ்ல ஒருத்தரும் செய்யாத வேலைய, இந்த வயசுல நான் ஒருத்தி தெனம் செஞ்சிகினு கீறேன்."

ஸ்டூலில் ஏறுவதற்கு முன்பே உள்ளே போய் இன்டர்நெட் பெட்டியின் சுவிட்சை அணைத்துவிட்டு வந்திருந்தேன். இப்போது பஞ்சைக் கேபிளைச் சுற்றி இறுக்கிப் பிடித்து, மெதுவாக இழுத்தேன்.

அடுத்த நொடி பக்கத்து வீட்டிலிருந்து எஸ்தரின் குரல் கேட்டது.

"ஐயோ, பெரிம்மா! திரும்பப் போச்சு!"

அந்த நொடியில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்று எழுத ஆசைதான். விளங்கவில்லை. "பாத்தியா, இன்னைக்கும் போச்சு!" என்று மஞ்சுநாத்தைத்தான் முறைத்தேன்.

என் வீட்டுக்காரரும் கயிறும்

இந்தத் தொடரைச் சில வாரங்களாகப் படிக்கிறவர்களுக்கு என்னைத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். பெயர் ஞானசௌந்தரி. ஊர் கோலார் தங்கவயல், நந்திதுர்க் பக்கம். படிப்பு மூன்றாம் வகுப்பு. எனக்கு எழுத்துக் கூட்டத் தெரியும். கூட்டி முடிப்பதற்குள் அடுப்பில் பால் பொங்கிவிடும். ஒற்றுப் பிழையைப் பத்திரிகைக்காரர்கள் பார்த்துக்கொள்கிறார்கள். புத்திப் பிழைக்கு அவர்களிடம் ஆள் இல்லையாம்.

என் வீட்டுக்காரர் நந்திதுர்க் சுரங்கத்தில் கேஜ் ஓட்டியவர். கேஜ் என்பது ஆட்கள் ஏறிக் கீழே போகிற இரும்புக் கூண்டு. அது ஓர் இரும்புக் கயிற்றில் தொங்கும். மேலே மெஷின் வீட்டில் உட்கார்ந்து, அந்தக் கயிற்றைச் சுற்றி விடுவதும் இழுப்பதும் இவர் வேலை.

கீழே போகிறவர்கள் அவர் முகத்தைப் பார்த்ததில்லை. மணிச் சத்தம் மட்டும்தான். மணி மூன்று தடவை அடித்தால் ஆள் ஏறுகிறது என்று அர்த்தம். இவரும் மூன்று தடவை திருப்பி அடிப்பார். அதற்குப் பிறகுதான் கைப்பிடியைத் தொடுவார். ஒரே ஒரு தடவை அடித்தால் நிறுத்து. வீட்டிலும் அப்படித்தான். "சாப்பிட வாங்க" என்றால் "சாப்பிட வரேன்" என்று முழுதாகத் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் எழுந்திருப்பார். கல்யாணமான புதிதில் கிண்டல் செய்கிறார் என்று நினைத்து அழுதிருக்கிறேன்.

தினமும் ஒரு வேளை கேஜை நிறுத்திவிட்டுக் கயிறு பார்ப்பார்கள். இவர் மெஷினை ஆமை வேகத்தில் ஓட்டுவார். சுரங்க வாயில் நிற்கிறவர்கள் கயிற்றைச் சுற்றி வேஸ்ட் பஞ்சைப் பிடித்துக்கொள்வார்கள். எங்கேயாவது ஓர் இழை அறுந்து முள்ளாக நீட்டிக்கொண்டிருந்தால் பஞ்சு அதில் சிக்கும். அந்த நேரத்தில் யாருக்காகவும் கேஜ் ஓடாது. துரையாக இருந்தாலும் காத்திருக்க வேண்டியதுதான்.

என் அண்ணன் அந்தக் கேஜில்தான் கீழே போய் வந்தான். "கயிறு பாத்தாச்சா?" என்று தினம் இவரைக் கேட்பேன். "பாத்தாச்சு" என்பார். அதற்குப் பிறகுதான் எனக்குச் சோறு இறங்கும்.

சுரங்கத்தை மூடினார்கள். இவரும் போய்ச் சேர்ந்தார். கயிறு மட்டும் என் தலைக்குள் சுற்றிக்கொண்டே இருந்திருக்கிறது. பெட்டி வந்த பிறகுதான் அது எனக்கே தெரிந்தது.

பெட்டி வந்த கதை

கேபிள் எங்களுக்காக வரவில்லை. எங்களைத் தாண்டியிருக்கிற தக்காளிக் கிராமங்களுக்காக வந்தது. கோலார் மார்க்கெட்டில் என்ன விலை என்று தோட்டத்திலிருந்தே பார்த்துக்கொள்ளலாம், பிள்ளைகள் வீட்டிலிருந்தே படிக்கலாம், ஊரைத் தேடி வேலை வரும் என்றெல்லாம் மைக் வைத்துப் பேசினார்கள். போகிற வழியில் எங்கள் வரிசைக்கும் ஒரு இணைப்பு, யார் வீட்டில் பெட்டி வைப்பது என்று கேட்டார்கள்.

கிளாரா கை தூக்கினாள். அதனால் நானும் தூக்கினேன். அதுவரை பெட்டி என்றால் எவ்வளவு பெரிசு, உள்ளே என்ன இருக்கும், சோறு போட வேண்டுமா என்று ஒன்றும் எனக்குத் தெரியாது. கம்பம் என் சுவருக்குப் பக்கத்தில் இருந்ததால் எனக்கே கிடைத்தது. கிளாரா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. அந்த ஒரு வாரம் நான் ரொம்ப நன்றாகத் தூங்கினேன்.

மஞ்சுநாத் பங்காருபேட்டைக்காரர். கன்னடம் பேசுகிற பிள்ளை, தமிழும் நன்றாகவே பேசுவார். வந்ததும் கையெழுத்துக் கேட்டார். என் பெயரில் இருக்கிற எழுத்துகள் தமிழிலேயே கஷ்டமானவை. எழுதப் படிக்கத் தெரியாத என் அப்பா வைத்த பெயர். நான் 'சௌ'வை முடிப்பதற்குள் அவர் சுவரில் இரண்டு ஆணி அடித்துவிட்டார்.

"அஜ்ஜி, இதுக்குள்ள கண்ணாடி நூல் கீது," என்று கேபிளைக் காட்டினார். "தலைமுடி மாதிரி. அதுல வெளிச்சம் ஓடும்."

அஜ்ஜி என்றால் கன்னடத்தில் பாட்டி. "அம்மான்னு கூப்புடு," என்றேன்.

"சரி அஜ்ஜி," என்றார்.

பெட்டிக்கு மேலே குருத்தோலைச் சிலுவை ஒன்றைச் சொருகினேன். கேபிளை அண்ணாந்து பார்த்தேன். கம்பத்திலிருந்து சுவர் வரை ஒரு கயிறு. அந்தக் கயிற்றின் முனையில் பக்கத்து வீட்டு எஸ்தர்.

எஸ்தரின் ஒரு வாரம்

எஸ்தர் எனக்குச் சொந்தமில்லை. இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர், அதனால் பெரிம்மா. பெங்களூரில் ஆஸ்பத்திரி பில்களைச் சரிபார்க்கிற ஆபீசில் வேலை. விடியும் முன்பே அவள் செருப்புச் சத்தம் சந்தில் ஓடும், மாரிக்குப்பம் ரயிலைப் பிடிக்க. எங்கள் ஊரில் பாதி அந்த ரயிலில்தான் போகிறது. இருட்டிய பிறகுதான் திரும்பி வருவாள். புருஷன் இல்லை. எட்டு வயதில் நித்யா என்று ஒரு மகள். சனி, ஞாயிறில்தான் அவள் அம்மாவை வெளிச்சத்தில் பார்ப்பாள்.

பெட்டி வந்ததும் எஸ்தர் ஆபீசில் கேட்டாள். மேடம் ஒரு வாரம் பார்க்கலாம் என்றார். திங்கள் முதல் வெள்ளி வரை, வேலை நேரத்தில் லைன் நிற்கக் கூடாது. நிற்காவிட்டால் வீட்டிலிருந்தே வேலை. அதோடு, எங்கள் வரிசையிலிருந்து இன்னும் இரண்டு பெண்களுக்கும் வேலை தருவார்கள். அதில் ஒருத்தி கிளாராவின் மருமகள். ஆகவே கிளாராவும் என்னோடு பேசத் தொடங்கினாள்.

என் பெட்டியிலிருந்து சுவரில் ஓட்டை போட்டு எஸ்தர் வீட்டுக்கு ஒரு ஒயர் கொடுத்தார் மஞ்சுநாத். கரண்ட் போனால் தாங்குவதற்கு ஒரு பேட்டரியும் வைத்தாள் எஸ்தர். எல்லா ஏற்பாடும் சரியாக இருந்தது. நான் மட்டும்தான் பாக்கி.

திங்கட்கிழமை சாப்பிட்டுப் பாத்திரம் கழுவி முடித்தேன். இரண்டு மணி. ஒரு பொம்பளையின் பிழைப்பு ஒரு கயிற்றில் தொங்குகிறது, அந்தக் கயிற்றை இன்னும் ஒருவரும் பார்க்கவில்லை என்ற நினைப்பு வந்தது. என் வீட்டுக்காரரின் டிரங்குப் பெட்டியில் பழைய பஞ்சு இருந்தது. சுவிட்சை அணைத்தேன், ஸ்டூல் போட்டேன், கை எட்டுகிற வரை கயிறு பார்த்தேன். முள் எதுவும் இல்லை. திரும்ப சுவிட்சைப் போட்டேன்.

சுவிட்சை அணைத்தால் எஸ்தருக்கு நின்றுவிடாதா என்று நீங்கள் கேட்பீர்கள். காலையிலிருந்து வந்ததெல்லாம் அவள் லேப்டாப்பில் சேர்ந்திருக்கும் என்று நினைத்தேன். சுரங்கத்தில் அப்படித்தான், கேஜ் நின்றாலும் மேலே வந்து சேர்ந்த கல் இருக்கும், அதை அரைக்கிற மில் ஓடும். யாரிடமும் சொல்லவும் இல்லை. வீடு கூட்டுவதைப் போய் யாராவது ஊருக்குச் சொல்வார்களா?

சாயங்காலம் எஸ்தர் வாடிய முகத்தோடு வந்தாள். "லைன் கட்டாயிடுச்சி பெரிம்மா. மேடம் கேட்டாங்க."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. அடுத்த நாள் இன்னும் கவனமாக, காலையில் ஒரு தடவை, மதியம் ஒரு தடவை என்று இரண்டு முறை கயிறு பார்த்தேன்.

அன்று லைன் இரண்டு முறை நின்றது.

செவ்வாய் சாயங்காலமே நான் நடுத்தெருவில் நின்றேன். குரங்குதான் கேபிளைப் பிடித்துத் தொங்குகிறது என்றேன். கிராமத்துக்காரர்கள் நடுவில் எடுத்துக்கொள்கிறார்கள் என்றேன். மஞ்சுநாத்துக்கு எஸ்தர் போன் போட்டபோது அதைப் பிடுங்கி, "நாளைக்கு நீ வரல, நான் பங்காருபேட்டைக்கு வருவேன்," என்றேன். கிளாராகூட எனக்குப் பின்னால் நின்று தலையாட்டினாள். எங்கள் வரிசையின் தலைவியாக நான் இருந்தது அந்த ஒரு சாயங்காலம்தான்.

ஸ்டூலின் மேல்

புதன்கிழமை வந்தார் மஞ்சுநாத். பெட்டியைப் பார்த்தார், கம்பத்தில் ஏறினார், இறங்கினார். எல்லாம் சரியாக இருக்கிறது என்றார். அப்போதுதான் மணி இரண்டானது. "நீ கொஞ்சம் தள்ளு, எனக்கு வேலை கீது," என்று ஸ்டூலை எடுத்தேன். மீதியைத் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டேன்.

நான் முறைக்க, மஞ்சுநாத் என்னைப் பார்க்காமல் என் கையில் இருந்த பஞ்சையே பார்த்தார்.

"அஜ்ஜி, நீங்க இன்னா பண்றீங்க?"

"கயிறு பாக்கறேன்."

"சுவிட்ச்?"

"அணைக்காம யாராவது கயிறு பாப்பாங்களா?"

"தெனமுமா?"

"நேத்து ரெண்டு தடவ," என்றேன் பெருமையாக. சொல்லி முடித்ததும்தான் என் காதில் அது விழுந்தது.

கிளாரா சுவரில் சாய்ந்து சிரித்தாள். "மூணு நாளா திருடன தேடிக்கினு இருந்தோம். திருடன் ஸ்டூல் மேல நின்னுகினு நம்மளுக்கு கிளாஸ் எடுக்குறான்!"

மஞ்சுநாத் மட்டும் சிரிக்கவில்லை. கை நீட்டி என்னை இறக்கிவிட்டார். "அஜ்ஜி, இது இரும்புக் கயிறு இல்ல. இழுத்தா உள்ள நூல் மடங்கிப் போவும். இதுல ஒருத்தரும் தொங்கல."

"எஸ்தர் தொங்கறாளே," என்றேன்.

அவர் போனை எடுத்து நீட்டினார். புகாரை முடிக்கக் கையெழுத்து வேண்டுமாம், விரலால். காரணம் என்ற இடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். "வீட்டுக்காரங்களே அணைச்சாங்கன்னு," என்றார். வேறு ஏதாவது எழுதலாமா, குரங்கு என்று போடலாமா என்று ஒரு நொடி வாய் வரை வந்தது. முழுங்கிக்கொண்டு, ஞ-விலிருந்து தொடங்கினேன். கண்ணாடியில் விரல் வழுக்கியதில் என் பெயர் ஒரு புழுவைப் போலத்தான் வந்தது.

பரவாயில்லை

எஸ்தர் திட்டியிருந்தால் நான் திருப்பித் திட்டியிருப்பேன். எனக்கு அது சுலபம். அவள் "பரவால்ல பெரிம்மா" என்றாள். சொல்லிவிட்டு, பரணில் வைத்த டிபன் பையைக் கீழே எடுத்துத் தூசு தட்டினாள்.

"நாளைக்கு ட்ரெயினாம்மா?" என்று கேட்டாள் நித்யா.

"ஆமா."

அந்தக் குழந்தை என்னைப் பார்க்கவில்லை. ஹோம்வொர்க் நோட்டைத் திறந்தது.

வீட்டுக்கு வந்து, கோயிலுக்குக் கட்டுகிற பட்டுப் புடவையைக் கட்டிக்கொண்டேன். திரும்பப் போய், "மேடத்துக்குப் போடு," என்றேன்.

"வேணாம் பெரிம்மா. நீங்க ஒண்ணு சொல்ல, அவங்க ஒண்ணு..."

"போடுன்னா போடு."

லேப்டாப்பில் மேடம் வந்தார். நான் நினைத்ததைவிடச் சின்ன வயசு. அவருக்கு என் நெற்றி மட்டும்தான் தெரிந்ததாம். எஸ்தர் பின்னாலிருந்து என் தலையைப் பிடித்துச் சரிசெய்தாள். பட்டுப் புடவை கடைசிவரை தெரியவேயில்லை.

"மேடம், லைன் நல்லா கீது. எஸ்தர் மேல தப்பில்ல. நான்தான் அணைச்சேன். மூணு நாளும் நான்தான்."

என் வாழ்க்கையில் 'நான்தான்' என்று எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். இந்த மாதிரிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

"யாக்கே?" என்றார், ஏன் என்று கன்னடத்தில்.

கயிற்றுக் கதையைச் சொன்னேன். பாதி தமிழ், பாதி கன்னடம், நடுவில் கை. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அந்தக் கயிறு எப்பவாவது அறுந்துச்சா?" என்றார்.

"இவர் இருந்த வரைக்கும் இல்ல மேடம்."

மேடம் எதையோ எழுதக் குனிந்ததில் திரையில் அவர் முகம் காணவில்லை. லைன் போய்விட்டதோ என்று திரும்பிப் பார்த்தேன். பழக்கம்.

"திங்கட்கிழமையிலிருந்து இன்னொரு வாரம்," என்றார். "ஒரு தடவை நின்னாலும் எஸ்தர் ஆபீசுக்கு வந்துடணும். அப்புறம் கேக்கக் கூடாது. நீங்க அதத் தொடக் கூடாது."

"தொடக் கூடாது," என்று நானும் முழுதாகத் திருப்பிச் சொன்னேன்.

கிளாராவின் கம்பளி

வியாழனும் வெள்ளியும் எஸ்தர் ரயிலில் போய் வந்தாள். திங்கட்கிழமை இரண்டாவது வாரம் தொடங்கியது. நானும் அவளும் ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். வேலை தொடங்கும்போது அவள் சுவரில் மூன்று தட்டுவாள். நான் மூன்று திருப்பித் தட்டுவேன். முடிந்ததும் அவள் ஒன்று. நடுவில் என் கை எங்கே இருக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. இரண்டு மணியானால் கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன்.

வியாழக்கிழமை அப்படி உட்கார்ந்திருந்தபோதுதான் வாசலில் திடீரென்று நிழல் விழுந்தது. எட்டிப் பார்த்தேன். கேபிளின் மேல் ஒரு ஈரக் கம்பளி தொங்குகிறது. தண்ணீர் சொட்டுகிறது. கேபிள் வில்லாக வளைந்து கிடக்கிறது.

"அடிப்பாவி கிளாரா!"

"அந்தத் தம்பி இழுக்கத்தான வேணாம்னான்? கொடி காலியாத்தான இருந்துச்சு?" என்றாள் அவள், கையில் கிளிப்போடு.

"உன் மருமகளோட வேலடி அது!"

அவள் கிளிப்பைக் கீழே போட்டாள். கம்பளியை உருவக் கை வைத்தாள். "இழுக்காத!" என்று கத்தினேன். கத்துவதில்தான் எனக்குப் பயிற்சி உண்டே. அவள் பக்கம் ஒரு ஸ்டூல், என் பக்கம் ஒரு ஸ்டூல். இரண்டு முனையையும் இரண்டு பேரும் பிடித்து, அடிபட்ட ஆளை ஸ்ட்ரெச்சரில் தூக்குகிற மாதிரி, மெல்ல மேலே தூக்கினோம். நாற்பது வருஷமாக எதிரெதிர் வீட்டில் இருக்கிறோம். இரண்டு பேரும் சேர்ந்து ஒரு பொருளைத் தூக்கியது அன்றைக்குத்தான்.

"பெட்டில பச்ச லைட்டு எரியுதா பாரு," என்றாள் கிளாரா, மூச்சு விடாமல்.

கம்பளியைக் கையிலேயே வைத்துக்கொண்டு ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். எரிந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் எஸ்தர் யாரோடோ இங்கிலீஷில் பேசிக்கொண்டிருந்தாள். நிற்காமல்.

அந்தக் கம்பளியைக் கிளாரா என் வீட்டுக்குள் காயப்போட்டாள். வீடு பூராவும் ஆட்டு வாடை. நான் ஜன்னலைத் திறந்துவைத்தேன்.

வெள்ளிக்கிழமை வேலை முடிகிற நேரம் தாண்டியும் அந்த ஒரு தட்டு வரவில்லை. காதைச் சுவரில் வைத்துக்கொண்டு நின்றேன். கடைசியில் நித்யாதான் ஓடி வந்தாள்.

"மேடம் அம்மாகிட்ட பேசிக்கினு கீறாங்க. அம்மா அழுவறா. ஆனா சிரிச்சிகினு அழுவறா," என்றாள்.

திங்கட்கிழமை விடியும் முன் மாரிக்குப்பம் ரயில் கூவியது. சந்தில் பல செருப்புகள் ஓடின. எஸ்தரின் செருப்பு ஓடவில்லை. பழக்கதோஷத்தில் நான் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். வெயில் வந்து, எதிர்வீட்டில் கிளாராவின் மருமகள் தலை பின்னி, புது வேலைக்கு லேப்டாப்பைத் துடைக்கிறவரை அப்படியே இருந்தேன்.

அப்புறம் சுவரில் மூன்று தட்டு விழுந்தது.

மூன்று திருப்பித் தட்டினேன். பதில் கொடுத்த பிறகுதான் இவர் கைப்பிடியைத் தொடுவார். நான் பதில் கொடுத்துவிட்டு, எதையும் தொடாமல், காபி போடப் போனேன்.